வெறும் அட்டைக்குக் கைதட்டிய கதை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாருக்கு நாலு நல்ல புத்தி சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல புத்தி என்னிடம் எப்போதும் கொஞ்சம் தட்டுப்பாடுதான். பட்டுத் தெளிந்தது நிறைய இருக்கிறது, அதில் ஒன்றைச் சொல்கிறேன். பிரஷர் பார்ப்பதும் வயிறு அளப்பதும் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள், அதில் நான் வாய் வைக்கவில்லை. ஒரு மனுஷி உங்களிடம் ஏன் பொய் சொல்கிறாள் என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முப்பத்திரண்டு வருடம் மருத்துவிச்சியாக இருந்தவள். தோட்டத்தில் எங்களை மிஸி என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் மலை ஏறி வருவது தெரிந்தால் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் அழுகையை நிறுத்தும், பெரியவர்கள் மாத்திரையை ஒளிப்பார்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை எங்கள் ஆட்கள் ரத்த மாத்திரை என்பார்கள். அதைத் தின்னாமல் இருக்க அவர்கள் சொல்லாத காரணமில்லை. ஒருத்திக்குப் பிள்ளை கறுப்பாகப் பிறந்துவிடும், இன்னொருத்திக்குப் பிள்ளை பெருத்து வெளியே வராது. ஒரு லயத்து வாசலில் ரோஜாச் செடி மட்டும் தளதளவென்று நிற்கிறதே என்று அடியில் கிண்டிப் பார்த்தேன். என் மாத்திரைகள் வரிசையாகப் புதைந்து கிடந்தன. ரத்தம் சோதிக்க ஊசியை எடுத்தால் அதற்கும் ஒரு நியாயம் கேட்பார்கள்.

"ரத்தம் இல்லங்கிறீங்க. அப்பறம் இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கிறீங்க. இது என்னா கணக்கு மிஸி?"

பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் ஒரு சட்டம் போட்டேன். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது மாத்திரை முடிந்த வெறும் அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அட்டை வந்தால்தான் புது மாத்திரை, கூடவே சத்துமாப் பொட்டலம். தோட்டத்து அட்டை ரத்தம் குடிக்கும், என் கிளினிக் அட்டை ரத்தம் கொடுக்கும் என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொள்வேன். வேறு யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

சட்டம் அபாரமாக வேலை செய்தது. அட்டைகள் மலைபோலக் குவிந்தன. எல்லாரையும் தூக்கியடித்தவள் செல்வராணி. கொழுந்து எடுப்பவள், இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள், பேச்சு குறைவு. அவளுடைய அட்டைகளில் ஒரு மாத்திரைகூட மிச்சமிராது. அவற்றைத் துடைத்து, அடுக்கி, ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவருவாள். எனக்குக் கண் கலங்காத குறை. ஒரு கிளினிக் நாளில் அவளை எழுப்பி நிறுத்தி, "பாருங்கடி, இவள்லாம் பொம்பள. நீங்களும் இருக்கீங்களே!" என்று சொல்லி, வந்திருந்த அத்தனை பேரையும் கைதட்ட வைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

ஒரேயொரு சின்ன இடைஞ்சல். அவளுடைய ரத்தம் ஏறவில்லை. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் முதலில் ஒன்பது, அடுத்த தடவை எட்டு. நான் சும்மா இருப்பேனா? வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தேன். ரத்தம் பார்க்கிற மெஷினைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். ரப்பர் வளையம் போட்ட அட்டைமேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவேயில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருத்தி காட்டினால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று?

அந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஒரு புது டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பார்த்தால் ஸ்கூல் முடித்தவள் மாதிரி இருப்பார். என் சர்வீஸ் அளவு வயதுகூட இல்லாதவர் எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறார் என்று கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருந்தேன். அவர் செல்வராணியின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், என் பக்கம் திரும்பினார்.

"மிஸி, இவ குளிசை போடுறாவோ?"

நான் பெருமையோடு அட்டைக் கட்டை நீட்டினேன். "ஒண்ணு விடாம போடுறா டொக்டர். பாருங்க."

"நான் அட்டையைக் கேக்கேல்லை. இவவைக் கேக்கிறன்." செல்வராணியிடம் குனிந்தார். "அம்மா, வெளிக்குப் போகேக்குள்ள கறுப்பாப் போகுதோ?"

"இல்லீங்க. எப்பவும் போலதாங்க."

இரும்பு மாத்திரை போடுகிறவர்களுக்கு மலம் கறுத்துப் போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். டொக்டர் என்னைப் பார்த்தார். கூச்சத்தில் அப்படிச் சொல்கிறாள் என்றேன். "மிஸி, நீங்கள் அட்டையை எண்ணுறியள். ரத்தம் அட்டையிலயோ இருக்கு?" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி ரத்தம் எடுத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எனக்குச் சுருக்கென்றது. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்தது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

அப்போது மாசி மாதம், எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சிவன் தவத்தைக் கலைத்த மன்மதனை எரித்துவிடுகிறார், பொண்டாட்டி ரதி அவரிடமே போய் அழுது புருஷனைத் திரும்பக் கேட்கிறாள், அந்தக் கதை. ரதி வேஷம் ஓர் ஆண்தான் கட்டுவார். கையில் காப்புக் கட்டி, மச்ச மாமிசம் விட்டு, ஒரு நேரச் சாப்பாட்டோடு வாரக்கணக்கில் ஆட வேண்டும். காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. அந்த வருடம் ரதி வேஷம், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் மகேந்திரனுக்கு. அவர் செல்வராணியின் புருஷன்.

டொக்டர் வந்துபோன இரண்டாம் நாள் காலையில் மகேந்திரன் என்னைத் தேடி வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார், போட்டார், திரும்பக் கழற்றினார்.

"மிஸி, ஒரு கூட்டாளிக்கு ஒரு வருத்தம்."

"என்னா வருத்தம்?"

"நாலு நாளா வெளிய போகலிங்க. போனாலும்..." சுற்றும் முற்றும் பார்த்தார். "கறுப்பா போகுதுங்க. தார் மாதிரி."

"கூட்டாளி எங்க?"

"அவரு வெக்கப்படுறாருங்க."

"அவரு கையில காப்புக் கட்டியிருக்காரா?"

மகேந்திரன் மஞ்சள் காப்புக் கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "சாமி குத்தமா இருக்குமோன்னு கூட்டாளி பயப்படுறாருங்க. வெரதத்துல ஒரு நா பக்கத்துக் காம்பராவுல கருவாடு பொரிச்சாங்க. அந்த வாசத்த ரெண்டு தடவ இழுத்துட்டாரு."

சிரிப்பு வந்தாலும் எனக்கு உள்ளே பயம். தார் மாதிரிப் போனால் வயிற்றில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சாராயமா என்றேன், வெரதங்க என்றார். நோவு மாத்திரை ஏதும்? இல்லை. வயிற்று வலி? அதுவும் இல்லை.

"பின்ன என்னதான் சாப்பிடுறாரு உங்க கூட்டாளி?"

"ஒரு நேரம் சோறு. வாழப்பழம், பாலு. அப்பறம் அந்த ரத்த மாத்திர."

"எந்த ரத்த மாத்திர?"

"கூட்டாளி பொண்டாட்டிக்கு நீங்க குடுப்பீங்கல்ல மிஸி, அதுதாங்க. ஆடுறதுக்குத் தெம்பு வேணும்ல. தை மாசத்துல இருந்து டெய்லி ஒண்ணு."

இரண்டு மாதமாக நான் கொடுத்ததெல்லாம், கைதட்ட வைத்ததுகூட, ரதியின் தெம்புக்காக. எனக்கு வந்த கோபத்தில் மேல் லயத்துக்குப் போகும் நூற்றுப்பத்துப் படியையும் மூச்சு வாங்காமல் ஏறினேன். வழியெல்லாம் செல்வராணியைத் திட்ட வார்த்தைகளைச் சேகரித்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தைகள், இன்றைக்கும் சிலது ஞாபகம் இருக்கிறது.

அவள் காம்பரா வாசலில் குந்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாளித் தண்ணீர்தான் தூக்கியிருக்கிறாள். உதடு வெளுத்து, சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது. இந்த உதட்டை நான் இரண்டு மாதமாகப் பார்க்கவேயில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏண்டி மாத்திர போடல?"

"மொத வாரம் போட்டேன் மிஸி. உள்ள போனதும் வாந்தி. மலையில நிக்க முடியல. அவரு கேட்டாரு, குடுத்துட்டேன். வீணாப் போகாதுல்ல."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன? வாய்ல என்னா கொழுக்கட்டையா?"

"சொல்லணும்னுதான் அன்னிக்கு வந்தேன். நீங்க எல்லாரையும் கைதட்ட வச்சிட்டீங்க. அதுக்கப்பறம் எப்பிடி மிஸி சொல்றது?"

சேகரித்துக்கொண்டு போன வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. தங்கச்சிமாரே, திட்டுக்குப் பயந்து பொய் சொல்பவளை எனக்குத் தெரியும். பாராட்டுக்குப் பயந்து ஒருத்தி உயிரை அடமானம் வைப்பாள் என்று எனக்குத் தெரியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, தேத்தண்ணியைக் கொஞ்சம் தள்ளி வை, அப்படியும் புரட்டினால் வேறு மாத்திரை மாற்றித் தருகிறேன் என்று ஐந்து நிமிடம் பேசியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு முன்னால் நின்று அழுதுவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன்.

அழ நேரம் கிடைக்கவில்லை. என் ஃபோன் அடித்தது. டொக்டர்.

"மிஸி, றிசல்ட் வந்திட்டுது. ஏழுக்கும் கீழ. ஒன்பதாம் மாசம் பிறந்திட்டுது, எப்பவும் வயித்துக்குத்துத் தொடங்கலாம். இந்த ரத்தத்தோட பிள்ளை பெத்தா, சாதாரணமாப் போற ரத்தத்தைக்கூட இவ தாங்கமாட்டா. இண்டைக்கே பதுளைக்கு அனுப்புங்கோ. நாளைக்கு எண்டு சொல்லாதேங்கோ."

நான் சொன்னதும் செல்வராணிக்கு விளங்கியது. ஆனால் அசையவில்லை. "மொதப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில தனியாக் கெடந்தேன் மிஸி. ஒரு நாதி வரல. இந்தத் தடவ அவரு கூட வராம நான் ஏற மாட்டேன்."

அவரோ காப்புக் கட்டிய ரதி. எல்லை தாண்டக்கூடாது.

கூத்து நடக்கிற காமன் பொட்டலுக்கு ஓடினேன். பகலிலேயே வேஷம் கட்டி ஒத்திகை. மகேந்திரன் சிவப்புச் சேலை, சவுரி முடி, நெற்றிச் சுட்டி, கன்னத்தில் ரோஸ் பவுடர் எல்லாம் போட்டு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் பவுடருக்குக் கீழே முகம் வெளுத்தது. "வர்றேன் மிஸி" என்று ஓரடி வைத்தார். சுற்றி நின்றவர்கள் விடவில்லை. காப்போடு எல்லை தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது என்றார்கள். அவருடைய அம்மாவை அனுப்பலாமே என்றார் ஒருவர். அந்த அம்மாவுக்கு முழங்கால் நோவு, வாசல்படி இறங்கவே அரை மணி நேரம் வேண்டும்.

இங்கேதான் கவனியுங்கள். "உங்க ரதி ரெண்டு மாசமா பொண்டாட்டி மாத்திரையைத் தின்னதாலதான் இந்த வினை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கூட்டம் அடங்கியிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாளைக்கு ஆட்டத்தில் ஒருவர் கால் இடறி விழுந்தாலும், மாத்திரை கொடுத்து விரதத்தைக் கெடுத்தவள் செல்வராணி என்றுதான் கதை நிற்கும். பிள்ளை பெற்றுத் திரும்பி வரவேண்டிய லயம் அது. வாயை அடக்குவது என் பிறவிக்கே புதுப் பழக்கம், அன்றைக்கு அடக்கினேன்.

கூத்து வாத்தியாரிடம் போனேன். மத்தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, புருஷன் உசுருக்காக ரதி எங்க போனா?"

"சிவன்கிட்ட போனா."

"சிவன் இருக்கிறது தோட்டத்து எல்லைக்குள்ளயா?"

வாத்தியார் என்னை முறைத்தார். வெற்றிலையை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார்.

"கைலாசம்" என்றார் கடைசியில்.

"பொண்டாட்டி உசுருக்காக இந்த ரதி பதுளைக்குப் போகக்கூடாதா?"

அவர் நெடுநேரம் யோசித்தார். அதற்குள் டொக்டர் எனக்கு இரண்டு தடவை ஃபோன் பண்ணிவிட்டார். "மனுசன் போனாத்தான் குத்தம்" என்றார் வாத்தியார். "ரதியா போனா குத்தமில்ல. ஆனா ஒண்ணு. வேஷம் கலைக்கக்கூடாது. கட்டுன சேலையோட போகணும், கட்டுன சேலையோட வரணும்."

அப்படித்தான் பசறையிலிருந்து பதுளைக்கு ஓர் ஆட்டோவில் மூன்று பேர் போனோம். நடுவில் வெளுத்த உதட்டோடு செல்வராணி, ஒரு பக்கம் நான், மறுபக்கம் நெற்றிச் சுட்டியோடு மகேந்திரன். வளைவுக்கு வளைவு சவுரி முடி என் முகத்தில் வந்து அடித்தது. எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அந்த நிலையிலும் செல்வராணி திரும்பிப் பார்த்து, "ஒங்களுக்குப் பொட்டு கோணலா இருக்கு" என்று புருஷனுக்குச் சரிசெய்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்றவர் எங்களைப் பார்த்ததும் விறைத்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் மகேந்திரனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

"எந்தத் தோட்டத்து ரதிங்க?"

அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். வழிவிட்டார்.

வார்டில் மளமளவென்று வேலை நடந்தது. அவளுக்கு ரத்தம் பொருத்திப் பார்த்து ஏற்றத் தொடங்கினார்கள். உறவினர் யாராவது ரத்த வங்கிக்கு ரத்தம் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம் என்று தாதி ஒருவர் சொல்லி முடிக்குமுன் மகேந்திரன் வளையலைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். விரதம் என்றதும், வெறும் வயிற்றில் எடுக்கமாட்டோம் என்றார்கள். விரதத்துக்கு ஆகுமென்று பாலும் நாலு வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். விரலில் குத்திச் சோதித்த தாதி நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல ரத்தம் உங்களுக்கு. என்ன சாப்பிடுறீங்க?"

மகேந்திரன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எடுத்துக்கங்க மிஸி" என்றார் அவர் தாதியிடம். "அது எல்லாம் அவளோடதுதாங்க."

கூத்து வசனம் என்று நினைத்துத் தாதி சிரித்தார். மகேந்திரனின் கண் மை கரைந்து ரோஸ் பவுடரில் கோடாக இறங்கியது. அந்த ரத்தம் வங்கிக்குத்தான் போகும், யாருக்கோ உதவும், செல்வராணிக்கே போகாது என்று விளக்க நினைத்தேன். பிறகு ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கட்டின சேலையோடு அவர் திரும்பிப் போனார். அந்த வருடத்து ரதி அழுத அழுகை மாதிரிப் பார்த்ததில்லை என்று தோட்டமே பேசிக்கொண்டது.

மூன்று வாரம் கழித்துப் பொம்பளைப் பிள்ளை பிறந்தது. பிள்ளை வந்த பிறகு செல்வராணிக்கு ரத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போனது. தாங்கிக்கொண்டாள். "பழைய ரத்தத்தோட வந்திருந்தா நாங்கள் இவவைக் காப்பாத்தியிருக்கேலாது மிஸி" என்றார் எங்கள் டொக்டர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பிள்ளை பிறந்துவிட்டால் மாத்திரையும் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பச்சை உடம்புக்கு ஆகாது என்பார்கள். இழந்த ரத்தத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டிய நேரமே அதுதான். அதனால் செல்வராணிக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பினேன், ஆனால் அட்டைச் சட்டத்தை எடுத்துவிட்டேன். போட்டாயா என்று கேட்காதேங்கோ, எத்தனை நாள் விட்டுப்போச்சு என்று கேளுங்கோ என்று டொக்டர் சொல்லியிருந்தார். விடாதவர் யாருமில்லை என்று கேள்வியிலேயே ஒத்துக்கொள்வது மாதிரி. இந்த முறை நான் மனசுக்குள்கூடத் திட்டவில்லை.

பிள்ளை நிறுக்கும் நாள் வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் வாங்குப் பலகை நிறையப் பெண்கள், மேசையில் டொக்டரும் நானும். செல்வராணி பிள்ளையோடு வந்து நின்றாள்.

"எத்தன நாளு விட்டுப்போச்சு?"

அவள் வாங்கில் இருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஒம்பது நாளுங்க மிஸி" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நாலு நாளு மறந்துட்டேன். அஞ்சு நாளு சும்மா புடிக்கல." மிச்ச ஒன்பது மாத்திரையோடு அட்டையை மேசையில் வைத்தாள்.

நான் எப்போது வெடிப்பேன் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, புடிக்காத அஞ்சு நாளப் பத்திச் சொல்லு" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் இருந்த வாங்கில் ஒருத்தி பையைத் திறந்தாள். ஒரு முழு அட்டையை எடுத்துவந்து செல்வராணியின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு இன்னொருத்தி சேலை முடிச்சை அவிழ்த்தாள். ஒருத்தி பிள்ளைப் பவுடர் டின்னைக் கவிழ்த்தாள், கலகலவென்று கொட்டின. அவளுடைய பிள்ளை அப்போது நடக்கவே தொடங்கிவிட்டது. மேசை நிறைந்தது. டொக்டர் பேனையை மூடி வைத்தார். ஒவ்வொருத்தியாக நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தோம். பசறைக்குப் போகிற மத்தியான பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது, ஒருத்தியும் எழும்பவில்லை.